நட்டத்தில் சுட்ட ஓடுகள்: வில்லியம் டி மார்கன் பட்டறை, 1872–1907

லண்டனில் ஃபுல்ஹாம் பகுதியைச் சேர்ந்த சாண்ட்ஸ் எண்ட் என்னும் இடத்தில் இயங்கிவந்த மட்பாண்டப் பட்டறை ஒன்று 1907இல் மூடப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுத் தொழில். சொல்லிக்கொள்ளும்படியான லாபம் அதில் வந்ததில்லை. விற்காமல் தேங்கிய அலங்காரச் சுவர் ஓடுகளில் ஒரு பகுதியை, பட்டறையின் பழைய கூட்டாளியும் கட்டடக் கலைஞருமான ஹால்சி ரிக்கார்டோ, லண்டன் அடிசன் சாலையில் எர்னஸ்ட் டெபன்ஹாமுக்காகத் தாம் அப்போது கட்டிக்கொண்டிருந்த மாளிகையின் உட்சுவர்களில் பதித்தார். விக்டோரியா காலத்து அலங்கார ஓடுகளைச் சேர்ப்பவர்கள் இன்று முதலில் தேடும் பெயர்களில் ஒன்று அந்தப் பட்டறையின் பெயர்: வில்லியம் டி மார்கன்.

தொழிலாகத் தோற்ற ஒன்று சேகரமாக எப்படி வென்றது? அந்தப் பட்டறை எடுத்த ஒரே முடிவுதான் இரண்டுக்கும் காரணம் என்பது என் கருத்து. இந்த ஆய்வு அதைக் காட்டவே எழுதப்படுகிறது. பின்பாதியில், கையில் கிடைத்த ஓர் ஓட்டைச் சேகரிப்பவர் எப்படிப் படிக்கவேண்டும் என்பதையும் சொல்கிறேன். முன்பாதி தெரியாமல் பின்பாதி விளங்காது.

அன்றைய சந்தை

டி மார்கன் களிமண்ணில் கை வைத்தபோது இங்கிலாந்தின் ஓட்டுத் தொழில் நன்றாக வளர்ந்திருந்தது. 1840இல் ரிச்சர்ட் பிராசர் ஒரு காப்புரிமை பெற்றார். ஈரக் களிமண்ணைப் பிசைந்து, வெட்டி, நாள்கணக்கில் உலர்த்தும் பழைய வழியை அது மாற்றியது. கிட்டத்தட்ட உலர்ந்த களிமண் தூளை இரும்பு அச்சில் இட்டுத் திருகு விசையால் அழுத்தினால் போதும். பொருள் கோணாது, சுருங்காது, காயவைக்க நாளும் ஆகாது. பொத்தான் செய்வதற்காக வந்த அந்த முறையின் பயனை உடனே உணர்ந்தவர் ஸ்டோக்கின் ஹெர்பர்ட் மின்டன். ஓடுகள் ஒரே அளவில், ஒரே கனத்தில், ஆயிரக்கணக்கில் வெளிவரத் தொடங்கின. செம்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் எடுத்து ஓட்டில் ஒற்றும் அச்சு முறையும் கூடச் சேர்ந்ததால், ஒவ்வோர் ஓட்டையும் ஓவியர் தொடவேண்டிய தேவை இல்லாமல் போனது.

வாங்குவதற்கு ஆளும் இருந்தது. நகரங்களில் வரிசை வரிசையாக எழுந்த நடுத்தர வீடுகளில் குளிர்காய அறைக்கு ஒரு கணப்பு. வார்ப்பிரும்புச் சட்டத்தின் இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து என ஆறு அங்குலச் சதுர ஓடுகள் பத்து. வாசல் நடை, கழுவுமேசையின் பின்பலகை, இறைச்சிக் கடைச் சுவர், மருத்துவமனை வார்டு என்று மற்ற இடங்களுக்கும் ஓடு போனது. ஷ்ராப்ஷயரின் ஜாக்ஃபீல்டில் மா நிறுவனம் 1883இல் திறந்த ஆலை உலகிலேயே பெரிய ஓட்டு ஆலை என்று பெயர் வாங்கியது. அதன் அண்டையில் கிரேவன் டன்னில் ஆலை இருந்தது. இன்று ஜாக்ஃபீல்டு ஓட்டு அருங்காட்சியகம் அந்தக் கட்டடத்தில்தான் இயங்குகிறது. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில், பூவும் கொடியும் புடைப்பாக எழுந்து பச்சையும் அரக்குமாக மின்னும் ஓடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த மரபு அந்நியமல்ல. ஐரோப்பாவிலிருந்தும் பின்னர் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்த அவை, அச்சில் அழுத்திச் செய்யும் இதே மரபின் பிள்ளைகள்.

அச்சு ஓடுகளை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. மின்டன் ஆலைக்காக ஜான் மாயர் ஸ்மித் வரைந்த ஷேக்ஸ்பியர் காட்சித் தொடர் அச்சில் வந்ததுதான். அதன் கோடுகளின் துல்லியத்துக்காகவே அதைச் சேர்க்கலாம். டி மார்கன் எந்த வெள்ளத்தை எதிர்த்து நீந்தினார் என்பது தெரிவதற்காக இதையெல்லாம் சொல்கிறேன்.

மதுரையில் பிறந்தவரின் மகன்

வில்லியம் 1839 நவம்பரில் லண்டனில் பிறந்தார். தந்தை அகஸ்டஸ் டி மார்கன். தருக்கவியலிலும் கணக் கோட்பாட்டிலும் இன்றும் கல்லூரி மாணவர்கள் படிக்கும் டி மார்கன் விதிகள் அவர் பெயரில் உள்ளவை. அந்த அகஸ்டஸ் 1806இல் பிறந்த ஊர் மதுரை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்தவரின் மகன். ஏழு மாதக் குழந்தையாகவே அவரைக் கப்பலேற்றிக்கொண்டு குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. ஆகையால் ஓடுகளுக்கும் மதுரைக்கும் நேர்த் தொடர்பு ஏதும் கிடையாது. ஆனாலும் இந்தக் குடும்பத்தின் கதை வைகைக் கரையைத் தொட்டுச் செல்வது தமிழில் எழுதும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

வில்லியம் 1859இல் ராயல் அகாதமி பள்ளியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். 1863இல் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் நட்பு கிடைத்தது. முதலில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் செய்தார். கண்ணாடிக்கு மஞ்சள் ஏற்ற வெள்ளிச் சாயம் பூசிச் சுடுவது வழக்கம். சூடு மிஞ்சினால் அந்தச் சாயத்தின் மேல் வானவில் போன்ற ஒரு பளபளப்பு படரும். மற்றவர்கள் பழுது என்று ஒதுக்கிய அதை அவர் மண்ணிலும் வரவழைக்க முடியுமா என்று யோசித்தார். ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் தாம் குடியிருந்த வீட்டிலேயே சூளை அமைத்துச் சோதித்ததில் கூரை தீப்பற்றியது. இடத்தைக் காலிசெய்துகொண்டு 1872இல் செல்சிப் பகுதியின் செய்ன் தெருவுக்குப் போனார். பட்டறையின் கதை அங்கே தொடங்குகிறது.

முதற்கட்டத்தில் அவர் மண்ணைத் தாமே பிசையவில்லை. வெற்று ஓடுகளை வெளியிலிருந்து வாங்கி அவற்றின்மேல் தீட்டினார். பூல் நகரத்து ஆர்க்கிடெக்சுரல் பாட்டரி நிறுவனத்தின் ஓடுகள், டச்சு ஓடுகள் என்று பலவும் அவர் பட்டறைக்குள் வந்தன. இந்தச் செய்தியைச் சேகரிப்பவர் நெஞ்சில் எழுதிக்கொள்ளவேண்டும். பின்புறத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருப்பதால் மட்டும் முன்புற ஓவியம் டி மார்கனுடையது அல்ல என்று ஆகிவிடாது. முத்திரை அந்த மண்ணைச் சுட்டவரைச் சொல்கிறது, ஓவியத்தைப் பற்றி அது பேசுவதில்லை.

வாங்கிய ஓடுகளில் அவருக்கு நிறைவு இல்லை. தூளை அழுத்திச் செய்த ஓடு ஈரத்தையும் வெயிலையும் நீண்டகாலம் தாங்காது, ஈரக் களிமண்ணில் கையால் செய்ததே நிலைக்கும் என்று நம்பினார். கைவேலையில் தானாக வரும் மேடுபள்ளத்தின்மீது அவருக்கு விருப்பமும் இருந்தது. ஆகவே தம் ஓட்டைத் தாமே செய்ய முற்பட்டார். நான் மேலே சொன்ன முடிவு இதுதான். சந்தை முழுவதும் தூளுக்கும் அச்சுக்கும் போய்க்கொண்டிருக்க, அவர் களிமண்ணுக்கும் தூரிகைக்கும் திரும்பினார்.

எரிந்துபோகும் தாள்

கையால் தீட்டுவது என்றால் நினைத்தபடி தீட்டுவது அல்ல. ஒரு கொடி நான்கு ஓடுகளைத் தாண்டி ஓடவேண்டுமானால் விளிம்புக்கு விளிம்பு கோடு பொருந்தவேண்டும். ஒரே மாதிரியை இருபது பேர் தீட்டினாலும் ஒரே வடிவம் வரவேண்டும். அச்சைத் தொடாமல் இதைச் சாதிக்க டி மார்கன் கையாண்ட வழி எனக்கு அவருடைய வண்ணங்களைவிட வியப்பாக இருக்கிறது.

மூல வரைபடத்தை ஒரு கண்ணாடித் தகட்டின் பின்னால் வைத்து வெளிச்சத்தை நோக்கி நிறுத்துவார்கள். முன்பக்கம் மெல்லிய தாள் ஒன்று. கண்ணாடி வழியே தெரியும் கோடுகளைப் பின்பற்றி, சுடும் நிறங்களைக் கொண்டே ஓவியர் அந்தத் தாளில் முழுப் படத்தையும் தீட்டுவார். வெண்களிக் குழம்பு பூசிய ஓட்டின்மேல் தாளை ஒட்டி, மேலே கண்ணாடி மெருகுத் தூளைப் பரப்பிச் சூளையில் ஏற்றுவார்கள். தாள் எரிந்து மறையும். நிறம் வெண்களிக்கும் மெருகுக்கும் நடுவில் தங்கிவிடும்.

கோடு மாறாது, ஆனால் ஒவ்வோர் ஓடும் ஒரு கையின் தனி வேலை. ஒரே மாதிரியின் இரண்டு ஓடுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதழின் வரம்பு ஒன்றே. இதழுக்குள் நிறம் அடர்ந்தும் வெளிறியும் ஓடும் விதம் வேறு. தீட்டியவர்களில் சிலர் பெயர் நமக்குத் தெரியும்: சார்ல்ஸ் பாசெஞ்சர், அவர் சகோதரர் ஃபிரெட் பாசெஞ்சர், ஜோ ஜஸ்டர். சூளையைப் பார்த்துக்கொண்டவர் ஃபிராங்க் ஐல்ஸ். இந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்ளாமல் டி மார்கன் ஓடு என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்குவது அந்தக் கைகளுக்குச் செய்யும் குறை.

முறைக்கு இன்னொரு பயனும் இருந்தது. 1887இல் டி மார்கன், ஈவ்லின் பிக்கரிங் என்ற ஓவியரை மணந்தார். டி மார்கனின் உடல்நிலைக்காக 1890களில் தம்பதியர் குளிர்காலத்தை ஃபுளோரன்சில் கழிக்கத் தொடங்கினர். முதலாளி அரையாண்டு இத்தாலியில், சூளை லண்டனில். தாள் முறை இல்லாதிருந்தால் தொழில் அப்போதே நின்றிருக்கும். அவர் ஃபுளோரன்சில் ஓவியர்களை அமர்த்தித் தாளில் தீட்டவைத்து லண்டனுக்கு அனுப்பினார். தபாலில் வந்த ஓவியம் ஃபுல்ஹாம் சூளையில் ஓடாயிற்று.

நிறம் வந்த வழி

1877 முதல் ஓவியர் ஃபிரெடரிக் லெய்ட்டன் தம் லண்டன் வீட்டில் அரபுக் கூடம் ஒன்றை எழுப்பினார். கட்டடக் கலைஞர் ஜார்ஜ் எய்ட்சிசன். டமாஸ்கஸிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் திரட்டிய பழைய ஓடுகள் சுவர்களுக்காகக் காத்திருந்தன. அவற்றை வகைப்படுத்திப் பதிக்கும் பொறுப்பு டி மார்கனிடம் வந்தது. உடைந்தவையும் குறைந்தவையும் இருந்த இடங்களுக்குப் பொருந்தும்படி அவரே புதிதாகச் செய்தும் கொடுத்தார்.

ஒரு கைவினைஞருக்கு இதைவிட நல்ல பள்ளி கிடைத்திருக்காது. துருக்கியின் பழைய இஸ்னிக் ஓடுகளும் டமாஸ்கஸ் ஓடுகளும் நாள்தோறும் கையில். பொருந்தும்படி செய்தாக வேண்டும் என்ற கட்டாயம். பச்சை கலந்த நீலம், கத்திரிப்பூ நிறம், இலைப்பச்சை என்று 1880களில் அவர் ஓடுகளில் ததும்பும் வண்ண வரிசை இங்கிருந்து ஊட்டம் பெற்றது. செம்பும் கோபால்ட்டும் மாங்கனீஸும் மெருகுக்குள் கரைந்து தரும் நிறங்கள் அவை. மூலப்பொருளின் பெயர் எந்தப் பட்டறைக்கும் தெரிந்ததுதான். அளவையும் சூட்டையும் பிடிப்பதில்தான் ஆண்டுகள் போகும்.

இதற்குச் சற்று முன், 1876இல், டெவன் மாவட்டத்து மெம்ப்ளண்ட் மாளிகைக்காக வில்லியம் மாரிஸ் வரைந்த பெரும் பலகத்தை டி மார்கன் ஓடுகளில் செய்து கொடுத்தார். ஆறு அங்குல ஓடுகள் 66. கீழிருந்து மேலாகத் தண்டுகள் வளைந்தேறி, இலைகள் மடிந்து, பூக்கள் மாறிமாறி வரும். ஓர் ஓட்டைத் தனியே எடுத்தால் அதில் பாதி இலையும் தண்டின் ஒரு துண்டும்தான் இருக்கும். மாளிகை இப்போது இல்லை. அந்த வடிவின் பலகம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன் நின்றால் உதிரி ஓடு ஒன்றைச் சட்டமிட்டு மாட்டுவதில் நாம் எதை இழக்கிறோம் என்பது உறைக்கும்.

கப்பல்களுக்கும் ஓடுகள் போயின. ரஷ்யச் சக்கரவர்த்தியின் லிவாடியா கப்பலுக்கும், பி அண்ட் ஓ நிறுவனத்தின் பயணிக் கப்பல்கள் பலவற்றுக்கும் அவர் பலகங்கள் செய்தார். கப்பலில் ஏறியவை கப்பலோடு போய்விட்டன. கூடுதலாகச் சுட்டுக் கரையில் தங்கியவைதான் அந்த வேலைக்கு இன்று சாட்சி.

லஸ்டர்

மெருகின்மேல் உலோகப் பளபளப்பு ஏற்றும் லஸ்டர் முறையைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். விலையும் ஏமாற்றும் அதிகம் புழங்கும் இடம் அது. செம்பு, வெள்ளி ஆகியவற்றின் கூட்டுப்பொருள்களைக் களியோடு குழைத்து, ஏற்கெனவே மெருகிட்டுச் சுட்ட ஓட்டின்மேல் தீட்டுவார்கள். மறுபடியும் குறைந்த சூட்டில் சுடுவார்கள். சூடு சரியான நிலைக்கு வந்ததும் சூளைக்குள் புகை எழுப்புவார்கள். காற்று கிடைக்காத நெருப்பு அந்தப் பூச்சிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். உலோகம் மிக மெல்லிய படலமாக மெருகின்மேல் தங்கும். வெளியே எடுத்ததும் களியைத் துடைத்தால் செந்நிறமோ பொன்னிறமோ, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறும் ஒளி.

சூடு மிஞ்சினால் மெருகு கெடும், புகை குறைந்தால் ஒளி வராது, மிகுந்தால் கருகும். இஸ்லாமிய உலகிலிருந்து மூர்களின் ஸ்பெயினுக்கும் பிறகு இத்தாலிக்கும் போன இந்தக் கலை ஐரோப்பாவில் பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தது. டி மார்கன் ஆண்டுக்கணக்கில் சோதித்து அதை இங்கிலாந்தில் மீட்டார். மீட்டதை ஒளித்துவைக்கவில்லை, 1892இல் லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் அவையில் முறையை விளக்கிக் கட்டுரை வாசித்தார். தொழில் ரகசியத்தைப் பூட்டி வைத்துக் காசாக்கியிருக்கலாம். அவருக்கு அறிவைப் பகிர்வது முக்கியமாகப் பட்டது. அவர்மேல் எனக்குள்ள மதிப்பில் பாதி இதற்காக.

லூயிஸ் கரோல் ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் தம் அறைக் கணப்புக்காக 1887இல் தேர்ந்தெடுத்தவை டி மார்கனின் செந்நிற ஓடுகள். கப்பலும் விநோத விலங்குகளும் நிறைந்த தொகுதி அது.

கணக்குப் புத்தகம்

செல்சிக்குப் பிறகு பட்டறை 1882இல் மெர்ட்டன் ஆபிக்கு, மாரிஸின் ஆலைக்கு அருகே போனது. வீட்டிலிருந்து அங்கே போய்வரும் தொலைவு டி மார்கனின் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1888இல் ஹால்சி ரிக்கார்டோவைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு சாண்ட்ஸ் எண்டில் புதிய பட்டறை கட்டினார். பத்தாண்டு கழித்து, 1898இல், அந்தக் கூட்டு முறிந்தது. அதன்பின் ஐல்ஸும் பாசெஞ்சர் சகோதரர்களும் பங்காளிகளாகத் தொடர்ந்தனர். 1907இல் எல்லாம் முடிந்தது.

இடையில் பணம் வந்தவண்ணம் செலவானது. ஈவ்லின் தம் ஓவியங்களை விற்ற காசும் சூளைக்குள் போனது. ஒரு திருகு விசையும் ஒரு செம்புத் தகடும் ஒரே நாளில் தள்ளும் ஓடுகளுக்கு இணையாகத் தூரிகை பிடித்த கைகள் செய்ய முடியாது. விலையைக் குறைக்கவும் முடியாது. புதிய நூற்றாண்டில் ரசனை மாறியது. வீடுகள் வெறுமையான சுவரை விரும்பத் தொடங்கின. டி மார்கன் அறுபத்தைந்து வயதைக் கடந்தபின் நாவலாசிரியரானார். முப்பத்தைந்து ஆண்டு மண்ணில் காணாத வருவாயை எழுத்தில் கண்டார். 1917இல் காலமானார். அவருடைய வரைபடங்கள் பெருந்தொகுதியாக விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குச் சென்று சேர்ந்தன.

யாரும் கேட்காத காலத்தில் இவற்றைச் சேர்த்தவர் ஒருவர் இருந்தார். ஈவ்லினின் தங்கை வில்ஹெல்மினா ஸ்டர்லிங். பழைய பாட்டர்சி இல்லத்தில் அக்காளின் ஓவியங்களையும் அத்தானின் ஓடுகளையும் கலங்களையும் நிரப்பி, வருபவர்களுக்குத் தாமே சுற்றிக் காட்டினார். விக்டோரியா காலத்து வேலை என்றாலே முகம் சுளித்த தலைமுறைகளின் நடுவே அவர் இதைச் செய்தார். 1965இல், நூறு வயது நிறையச் சில நாள் இருக்கையில் இறந்தார். அவர் சேர்த்ததைக் காக்கவே டி மார்கன் அறக்கட்டளை உருவானது. அதே காலத்தில் இங்கிலாந்தில் பழைய வீட்டு வரிசைகள் இடிக்கப்பட்டன. கணப்புகள் ஓடுகளோடு குப்பையில் விழுந்தன. சேகரிப்பவர்களின் கதைகளில் வில்ஹெல்மினாவைப் போன்றவர்களுக்கு முதலிடம் தரவேண்டும் என்பேன். பொருளுக்கு விலை வந்தபின் சேர்ப்பது எளிது.

ஓர் ஓட்டைப் படிப்பது

இப்போது கையில் ஓர் ஓடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரிய ஒற்றைப் பூ, இரு பக்கமும் வளைந்த இலைகள். டி மார்கன் ஓடுகளில் மிகவும் அறியப்பட்ட வடிவங்களில் ஒன்றான ‘பிபிபி’. நார்விச் நகரத்தில் வார்ப்பிரும்புக் கணப்புகள் செய்த பார்னார்டு, பிஷப் அண்ட் பார்னார்ட்ஸ் நிறுவனத்தின் முதலெழுத்துகள் அவை. அவர்கள் கணப்புகளுக்கு இந்த ஓடு போனது. இடம் மாறிய பிறகும் பட்டறை இதே வடிவத்தைச் செய்துகொண்டிருந்தது. அதனால் முகப்பைப் பார்த்து ஆண்டு சொல்ல முடியாது.

திருப்பவேண்டும். பின்புறத்தில் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருந்தால் நீரில் ஊறவைத்து மரக்குச்சியால் மெல்லக் கழற்றலாம். சிமென்ட் என்றால் அவசரப்படக் கூடாது. உளி வைத்தால் முத்திரை போகும், சில வேளை ஓடே இரண்டாகும். அமிலத்தை நான் எந்த ஓட்டுக்கும் அருகில் கொண்டுபோக விடமாட்டேன். மயிரிழை வெடிப்புகள் வழியே உள்ளே இறங்கி மெருகின் அடியைக் கெடுத்துவிடும்.

காரை நீங்கியதும் முத்திரை தெரியலாம். மடாலயக் கட்டடத்தின் சிறு உருவத்தோடு பெயர் இருந்தால் மெர்ட்டன் ஆபி, அதாவது 1882க்கும் 1888க்கும் இடையில். சாண்ட்ஸ் எண்ட் என்ற பெயர் இருந்தால் 1888க்குப் பின். வட்டத்துக்குள் ‘டிஎம்’ எழுத்துகளும் கீழே 98 என்ற எண்ணும் இருந்தால் 1898 முதலான கடைசிக் கட்டம். எல்லாம் 1898இலேயே செய்தவை என்று அந்த எண்ணுக்குப் பொருளில்லை. மற்ற நிறுவனங்களின் ஓடுகளில் வேறு துணை உண்டு. வடிவத்தைப் பிரிட்டன் அரசிடம் பதிந்ததைக் காட்டும் வைர வடிவப் பதிவுக் குறி இருந்தால் அது 1842–1883க்குள் பதிவானது. ‘ஆர்டி’ என்ற எழுத்துகளோடு எண் இருந்தால் 1884 ஜனவரிக்குப் பின். அந்த வரிசை அப்போது 1இல் தொடங்கியது, 1890 தொடக்கத்தில் 1,41,000ஐத் தாண்டியது, 1900 தொடக்கத்தில் 3,51,000ஐத் தாண்டியது. வடிவம் பதிவான ஆண்டைத்தான் எண் சொல்லும்; ஓடு அதற்குச் சில ஆண்டு கழித்தும் சூளை கண்டிருக்கலாம்.

முத்திரையே இல்லையென்றால் மண்ணைப் பார்க்கவேண்டும். தூளை அழுத்திய ஓட்டின் பின்புறம் நேர்த்தியாக, அச்சின் வரிகளோடு இருக்கும். உடல் மாவுபோல் நுண்மை. கையால் செய்தது கனமாக, கரடாக இருக்கும். ஓரம் முழு நேராக இராது. எங்கேனும் மூளி இருந்தால் அது சேகரிப்பவருக்கு நல்வாய்ப்பு. உடைந்த இடத்தில் மண், அதன்மேல் வெண்களி, அதன்மேல் மெருகு என்று அடுக்குகள் தெரியும். பிறகு பூதக்கண்ணாடி. தூரிகை நிறம் ஓரங்களில் சேர்ந்து நடுவில் மெலிந்திருக்கும். புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அண்மைக்கால அச்சுப் பிரதி, வைத்துவிட்டு நகரலாம். லஸ்டர் ஓடானால் சாய்த்துப் பார்க்கவேண்டும். ஒளி மாறவேண்டும், மேடான இடங்களில் படலம் தேய்ந்திருக்கிறதா என்றும் கவனிக்கவேண்டும். தேய்க்கும் பொடி எதையும் அதன்மேல் இடக் கூடாது. உலோகப் படலம் திரும்ப வராது.

ஒரு சிக்கல் எஞ்சும். பட்டறை மூடியபின் ஃபிரெட் பாசெஞ்சர் 1920களில் புஷி ஹீத் என்னும் இடத்துப் பட்டறையில் அதே மரபில் தீட்டினார். அதே கை, அதே பயிற்சி, வேறு சூளை. அதைப் போலி என்பது அநியாயம். டி மார்கன் என்று விற்பதும் தவறு. முத்திரையில்லாத ஒரு பொருளை விற்பவர் தயக்கமின்றிப் பெயர் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

எங்கிருந்து வந்தது

ஓட்டைப் பற்றி நாம் கேட்கும் கேள்விகளில் இது குறைவாகக் கேட்கப்படுவது. பிரிட்டனில் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள கட்டடம் என்றால், முறையான அனுமதி இல்லாமல் அதன் ஓடுகளைப் பெயர்ப்பது சட்டப்படி குற்றம். ஆள் இல்லாத வீடுகளின் கணப்புகள் இரவில் பெயர்க்கப்படுவதும் நடக்கிறது. அப்படி வரும் ஓடு பெரும்பாலும் உதிரியாக, வரலாறு இல்லாமல் வரும்.

ஒரு கணப்பின் பத்து ஓடுகள் சேர்ந்திருக்கும்போது அவை சொல்வது அதிகம். இடப்பக்க இலை வளைவுக்கு வலப்பக்கம் எதிர்வளைவாக அமைந்திருக்கலாம். ஒன்று உடைந்து வேறு சூளையிலிருந்து மாற்றாக வந்திருந்தால் நிறவேறுபாட்டில் தெரியும். ஒன்றின் பின்புறத்தில் முத்திரை தெளிவாக இருந்தால் மற்ற ஒன்பதுக்கும் அது துணை. பத்துப் பேருக்குப் பிரித்து விற்றால் இந்தச் சான்று முழுவதும் போய்விடும். ஆகவே தொகுதியைப் பிரிக்காதீர்கள். பிரிந்து வந்ததை வாங்கினாலும் விற்றவரிடம் ஊர், தெரு, எந்த அறை, உடன் எத்தனை இருந்தன என்று கேட்டு எழுதி வையுங்கள். ஓட்டின் பின்புறத்தில் பசையோ தாளோ ஒட்டவேண்டாம். தனி அட்டையில் எழுதி, முன்னும் பின்னும் பக்கமும் எடுத்த படங்களோடு வைத்தால் போதும்.

விக்டோரியா ஆல்பர்ட் தொகுப்பிலுள்ள டி மார்கன் வரைபடங்களோடு கையிலுள்ள ஓட்டை ஒப்பிடலாம். வடிவம் அவருடையதா என்பதற்கு அது உறுதியான சான்று. காலத்துக்கு அது சான்றாகாது. செல்சியில் வரைந்த தாளைக் கண்ணாடியின் பின்னால் வைத்து ஃபுல்ஹாமிலும் தீட்டியிருக்கிறார்கள். வடிவத்துக்கு வரைபடம், காலத்துக்கு மண்ணும் முத்திரையும், வீட்டுக்கு விற்றவரின் வாய்மொழி என்று மூன்றையும் தனித்தனியே குறித்துவைத்து, எது எதை நிறுவுகிறது என்பதையும் அட்டையிலேயே எழுதிவிடவேண்டும். அடுத்து அந்த ஓடு யார் கைக்குப் போனாலும் அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.